கலிஸ்டோகாவின் வெந்நீரும் நாபாவின் திராட்சையும்: ஓர் இரவுக்கு ஆயிரம் டாலர் எதற்காக?

கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கு ஒயினுக்குப் பெயர்பெற்றது. அதன் வடகோடியில், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து காரில் ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தொலைவில், கலிஸ்டோகா என்ற சிற்றூர் உள்ளது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்பவர்கள் ஐயாயிரத்துச் சொச்சம் பேர் மட்டுமே. இந்தச் சிற்றூரில்தான் வெந்நீர்க் குளங்களும் சேற்றுக் குளியலும் திராட்சைத் தோட்டமும் ஒரே வளாகத்துக்குள் அமைந்த சொகுசு ரிசார்ட்டுகள் நடக்கின்றன. அவற்றில் உயர்தரமானவற்றின் அறை வாடகை ஓர் இரவுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டுவது வழக்கம்.

விளம்பரங்களைப் பார்ப்பவர்களுக்குச் சில ஐயங்கள் எழுவது இயல்பு. அந்த நீர் உண்மையிலேயே பூமிக்குள்ளிருந்து சூடாக வருகிறதா, அல்லது பாய்லரில் காய்ச்சப்படுகிறதா? வெந்நீர் ஊற்றுக்கும் திராட்சைக் கொடிக்கும் என்ன உறவு? நீர் பூமி தருவதென்றால் வாடகை ஏன் இவ்வளவு உயர்ந்திருக்கிறது? நீரில் தொடங்கி வாடகையில் முடிப்பதே இந்தக் கேள்விகளுக்கு ஏற்ற வரிசை.

சில சொற்கள்

வெந்நீர் ஊற்று என்பது சுற்றுப்புற வெப்பநிலையைவிடத் தெளிவாக மிகுந்த வெப்பத்துடன் நிலத்தடியிலிருந்து தானாக வெளிப்படும் நீர். கனிமநீர் என்பது பாறைகளிடையே நெடுநாள் தங்கி, அவற்றின் உப்புகளைக் கரைத்துக்கொண்ட நீர். வெப்பநீர்க் கிணறு என்பது தானாக வெளிவராத அத்தகைய நீரை எட்டுவதற்காகத் துளையிடப்படும் கிணறு. கலிஸ்டோகாவில் இயற்கையான ஊற்றுகள் இருந்தன என்பது உண்மை. ஐரோப்பியக் குடியேறிகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வாப்போ என்ற பழங்குடி மக்கள் அவற்றைப் பயன்படுத்தினார்கள். ஆனால் இன்றைய ரிசார்ட்டுகளின் குளங்களை நிரப்புவது பெரும்பாலும் கிணற்று நீர்தான். ஊரின் எல்லையில் 'ஓல்ட் ஃபெய்த்ஃபுல்' என்ற பெயரில் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டப்படும் வெந்நீர்ப் பீச்சுகூட, முன்பு துளையிடப்பட்ட ஒரு கிணற்றின் வழியே பீறிடுவதே. இதனால் நீர் போலியாகிவிடாது. வெப்பம் பூமியுடையது, வழி மட்டும் மனிதன் போட்டது.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

வெந்நீர் ஊற்று என்றாலே எரிமலை என்று எண்ண வேண்டியதில்லை. இலங்கையின் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளைத் தமிழர் பலர் அறிவார்கள். இலங்கையில் எரிமலையே இல்லை. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் வெப்பநிலை சுமார் 25 முதல் 30 செல்சியஸ் டிகிரி வரை உயர்கிறது. மழைநீர் ஆழமான பிளவுகளில் இறங்கிச் சூடேறி விரைவாக மேலே திரும்ப வழி கிடைத்தால், எரிமலை இல்லாத இடத்திலும் வெந்நீர் ஊற்று உருவாகும்.

கலிஸ்டோகாவில் இந்தப் பொது விதியுடன் வேறொன்றும் சேர்கிறது. அதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. கலிஃபோர்னியாவின் கடற்கரையோரத்தில் ஒரு காலத்தில் கடலடிப் புவித்தட்டு ஒன்று கண்டத்தின் அடியில் செருகிக்கொண்டிருந்தது. பின்னர் தட்டுகளின் நகர்வு மாறி, செருகல் நின்ற எல்லை தெற்கிலிருந்து வடக்காக நகரத் தொடங்கியது.

2. செருகிய தட்டு விலகிய இடத்தில் ஒரு வெற்றிடம் போன்ற வழி திறந்தது. அதன் ஊடே அடியிலிருந்த சூடான மூடகப் பாறை (புவியோட்டுக்குக் கீழுள்ள அடுக்கு) மேலெழுந்தது. அதனால் எரிமலைச் செயல்பாடும் வடக்கு நோக்கி நகர்ந்தது.

3. நாபா, சோனோமா பகுதிகளில் ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை எரிமலைகள் வெடித்தன. கலிஸ்டோகாவுக்கு அருகில் சாம்பலுக்கு அடியில் புதைந்து கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. அவற்றைப் புதைத்த வெடிப்பு சுமார் 34 லட்சம் ஆண்டுகள் பழையது.

4. வடக்கே கிளியர் லேக் ஏரியைச் சுற்றியுள்ள எரிமலைகள் இவற்றைவிட இளையவை. அவற்றுக்கும் கலிஸ்டோகாவுக்கும் இடைப்பட்ட மயகாமாஸ் மலைகளில், பல கிலோமீட்டர் ஆழத்தில், இன்னும் ஆறாத பாறைக்குழம்பு இருப்பதாக நிலவியலாளர்கள் கருதுகிறார்கள். அங்கே 'த கெய்சர்ஸ்' என்ற நீராவிப் புலத்தில் 1960 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். உலகின் மிகப் பெரிய புவிவெப்ப மின்நிலையத் தொகுதி அதுவே.

இப்படி வழக்கத்தைவிட வெப்பம் மிகுந்த நிலத்தில்தான் கலிஸ்டோகா அமர்ந்திருக்கிறது. மலைகளில் பெய்யும் மழை பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, சூடேறி, பள்ளத்தாக்கின் அடியிலுள்ள வண்டல் படிவங்களுக்குள் பரவி நிற்கிறது. எனவே பெரிய ஆழத்துக்குப் போகாமலேயே கொதிநிலையை ஒட்டிய நீர் கிடைத்துவிடுகிறது. ரிசார்ட்டுகளின் பாடு நீரைச் சூடாக்குவதில் இல்லை. உடம்பு தாங்கும் அளவுக்கு அதைத் தணிப்பதில்தான் இருக்கிறது. ஊருக்குக் காவல் போல நிற்கும் செயின்ட் ஹெலினா மலையை (1,323 மீட்டர்) எரிமலை என்று சில பயணக் குறிப்புகள் எழுதுகின்றன. அது தவறு. எரிமலைப் பாறைகளைக் கொண்ட மலை அது, எரிமலை அல்ல.

சேற்றுக் குளியலில் நடப்பது

கலிஸ்டோகாவின் அடையாளம் வெந்நீர்க் குளத்தைவிடச் சேற்றுத் தொட்டிதான். பழைய வெடிப்புகளின் சாம்பலை வெப்பநீருடன் குழைத்தால் கருஞ்சாம்பல் நிறத்தில் கூழ் போன்ற சேறு கிடைக்கும். சில இடங்களில் சாம்பல் மட்டும். வேறு சில இடங்களில் அத்துடன் சதுப்புநிலத்து மக்கிய பாசியும் சேர்ப்பார்கள். முதல் முறை தொட்டியில் இறங்குபவர் புதைந்துவிடுவோமோ என்று அஞ்சுவார். நடப்பது நேர்மாறானது: சேறு உடம்பைவிட அடர்த்தியானது என்பதால் உடம்பு மேலேயே மிதக்கிறது, உதவியாளர் கையால் சேற்றை வாரி மார்பின்மேலும் தொடைமேலும் போட்டு அழுத்தினால்தான் கழுத்துவரை மூடும். சுமார் 40 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிடந்த பின், காலை மெல்லப் பிடுங்கி எழ வேண்டும். அதன் பின் குளிப்பு, கனிமநீர்த் தொட்டி, நீராவி அறை, கடைசியில் போர்வைக்குள் சுருண்டு ஓய்வு என்று வரிசை போகும்.

சேறு நீரைப் போல் சுழலாது. தோலை ஒட்டிய அடுக்கு சற்றுக் குளிர்ந்தாலும் அதே இடத்தில் நிற்கும். ஆகவே வெப்பம் நிதானமாகப் பாய்கிறது. அதே சூட்டில் உள்ள நீரைவிடச் சேறு இதமாகப்படுவதற்கு அதுவே காரணம்.

இங்கே ஓர் எச்சரிக்கை பொருத்தமாக இருக்கும். "நச்சுகளை வெளியேற்றும்" என்ற விளம்பர வாசகத்துக்கு உடலியல் அடிப்படை மிகக் குறைவு. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் எப்போதும் செய்துகொண்டுதான் இருக்கின்றன. வெப்பத்தால் தசை தளர்வதும் மூட்டுவலி தற்காலிகமாகக் குறைவதும் உண்மை, அதுவே போதுமான பலன். விளம்பரம் சொல்லாமல் விடும் செய்தி ஒன்றும் உண்டு: ஒயின் அருந்திவிட்டு வெந்நீரில் இறங்குவது ஆபத்தானது. மதுவும் வெப்பமும் தனித்தனியே இரத்தக் குழாய்களை விரிக்கின்றன; இரண்டும் சேரும்போது இரத்த அழுத்தம் சரிந்து, எழுந்து நின்றவுடன் மயங்கி விழ நேரலாம். கருவுற்றவர்களும் இதயநோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. பகலெல்லாம் ஒயின் சுவைத்துவிட்டு மாலையில் குளத்தில் இறங்குவதையே பயணத் திட்டமாக விற்கும் இடத்தில் இந்த எச்சரிக்கை சிறிய எழுத்தில் இருப்பது வருந்தத்தக்கது.

மண் கொடிக்கு நண்பன், நீர் பகை

வெந்நீரும் திராட்சையும் ஒன்றையொன்று வளர்ப்பதாக ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. இதில் பாதிதான் சரி.

எரிமலைச் சாம்பலும் உடைந்த பாறையும் கலந்த நிலத்தில் நீர் தேங்காது, சத்தும் மிகையாக இராது. கொடி வேரை ஆழத்துக்கு அனுப்பும். பழம் சிறிதாகி, தோலுக்கும் சாற்றுக்குமான விகிதம் கூடும். செவ்வொயினுக்கு நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து வருவதால் இது நன்மை. கலிஸ்டோகாவில் கோடைப் பகல் கடுமையான வெயிலாகவும் இரவு குளிராகவும் இருப்பதால், பகலில் சர்க்கரை ஏறும். இரவில் புளிப்பு காக்கப்படும். கேபர்னே சோவினியோன் என்ற செவ்வொயின் திராட்சை வகை இங்கே செழிக்கக் காரணம் இவையே. இந்த ஊரின் மான்டெலீனா ஒயினகம் தயாரித்த 1973-ஆம் ஆண்டு ஷார்டனே, 1976-இல் பாரிஸில் பெயர் மறைத்து நடந்த சுவைப் போட்டியில் ஃபிரெஞ்சு வெள்ளை ஒயின்களை முந்தியது. கலிஃபோர்னிய ஒயினின் விலையும் மதிப்பும் அதற்குப் பின் வேறாயின. நாபா பள்ளத்தாக்கு 1981-இல் தனி ஒயின் பகுதியாக அங்கீகாரம் பெற்றது. கலிஸ்டோகா என்ற பெயருக்கு அதே அங்கீகாரம் 2009-இன் இறுதியில்தான் வந்தது.

வெப்பநீரின் கதை வேறு. சூடான நீர் பாறையிலிருந்து போரானையும் ஆர்சனிக்கையும் கரைத்துக்கொண்டு வருகிறது. போரான் கொடிக்கு மிகச் சிறிய அளவில் தேவையான சத்து. ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராமை நெருங்கும்போதே திராட்சை போன்ற எளிதில் பாதிக்கப்படும் பயிர்களுக்கு அது தொல்லையாகத் தொடங்குகிறது: இலையின் ஓரம் கருகும், பின்பு காய்ப்புக் குறையும். ஆகவே ரிசார்ட்டின் குளத்தை நிரப்பும் நீரை அப்படியே வேலிக்கு அப்பால் உள்ள தோட்டத்துக்குப் பாய்ச்ச முடியாது.

சிக்கல் குளத்தோடு முடிவதில்லை. பயன்படுத்திய வெப்பநீர் சாக்கடையில் விடப்பட்டால் நகராட்சியின் கழிவுநீர் நிலையத்துக்குப் போகும். வழக்கமான சுத்திகரிப்பு கரிமக் கழிவைச் சிதைக்கும், போரானை நீக்காது. சாதாரண நீரில் அது மின்னேற்றம் இல்லாத போரிக் அமிலமாக இருப்பதால் சவ்வு வடிகட்டிகளையும் ஓரளவு நழுவிச் செல்லும். சுத்திகரித்த நீரைப் பாசனத்துக்குக் கொடுக்கலாம் என்றால் போரான் தடுக்கிறது. நாபா ஆற்றில் விடலாம் என்றால் நீர்த் தர விதிகள் வரம்பு போடுகின்றன. ஒரு ஸ்பா எவ்வளவு வெப்பநீரை எடுக்கிறது, எங்கே விடுகிறது என்பது ஊராரின் பொதுப் பிரச்சினையாவது இதனால்தான். தன் காலடியிலேயே நீர் இருந்தும் கலிஸ்டோகா குடிப்பதற்கு மலையடிவாரத்தின் கிம்பால் நீர்த்தேக்கத்தையும் மாநிலக் கால்வாய்த் திட்டத்தின் நீரையும் நம்பியிருக்கிறது.

பிரானன் போட்ட விதை

சாமுவேல் பிரானன் 1848-இல் தங்கம் கிடைத்த செய்தியை சான் பிரான்சிஸ்கோ தெருக்களில் கூவியவர். கூவுவதற்கு முன்பே மண்வெட்டிகளையும் சட்டிகளையும் வாங்கித் தம் கடையில் அடுக்கிவிட்டார். தங்கம் தோண்டாமலேயே கலிஃபோர்னியாவின் முதல் கோடீஸ்வரர்களுள் ஒருவரானார். அவர்தான் 1860-களின் தொடக்கத்தில் இங்கே நிலம் வாங்கி, விடுதி, குடில்கள், குதிரைப் பந்தயத் திடல், திராட்சைத் தோட்டம் எல்லாம் அமைத்தார். நியூயார்க் மாநிலத்தின் புகழ்பெற்ற ஊற்று நகரமான சாரடோகாவைப் போல இதை "கலிஃபோர்னியாவின் சாரடோகா" ஆக்குவேன் என்று சொல்ல நினைத்து நாக்குக் குழறி, "சாரஃபோர்னியாவின் கலிஸ்டோகா" என்று சொல்லிவிட்டார் என்பது ஊர்ப் பெயருக்குச் சொல்லப்படும் கதை. 1868-இல் ரயில் வந்தது. மணமுறிவுத் தீர்வில் சொத்தை இழந்த பிரானன் 1889-இல் வறுமையில் இறந்தார்.

அவரது நிலத்தின் ஒரு பகுதியில் இன்று 'இந்தியன் ஸ்பிரிங்ஸ்' ரிசார்ட் நடக்கிறது; அதன் பெரிய வெந்நீர் நீச்சல்குளம் 1913-இல் கட்டப்பட்டது. 1950-களில் திறந்த விடுதிகள் சாதாரண வருமானக் குடும்பங்கள் தங்கும் மோட்டல் வகையைச் சேர்ந்தவை. இன்று நாம் பார்க்கும் சொகுசு அலை மிகப் பிந்தியது: 'சொலாஜ்' 2007-இலும், தனக்கென்று திராட்சைத் தோட்டமும் ஒயினகமும் கொண்ட 'ஃபோர் சீசன்ஸ்' 2021-இலும் திறந்தன.

வாடகையைத் தீர்மானிப்பது நிலச் சட்டம்

வெந்நீர் ஆயிரம் டாலருக்குக் காரணமாக முடியாது. அதே நிலத்தடி நீரில்தான் மலிவான மோட்டல்களும் இத்தனை காலம் குளம் நிரப்பி வந்தன. விலை உயர்வதற்கான முதன்மைக் காரணம் நாபா மாவட்டத்தின் நிலப் பயன்பாட்டு விதிகளில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் முடிவு. காரண வரிசை இது:

1. 1968-இல் நாபா மாவட்டம் பள்ளத்தாக்கின் சமநிலத்தை வேளாண் காப்புநிலம் என்று அறிவித்தது. அமெரிக்காவில் அவ்வகையில் அதுவே முதலாவது. நிலத்தை 20 ஏக்கருக்குக் கீழே துண்டாட முடியாது என்ற வரம்பு பின்னர் 40 ஏக்கராக உயர்ந்தது. மலைச்சரிவுகளில் 160 ஏக்கர்.

2. மாவட்ட அதிகாரிகள் பின்னாளில் மனம் மாறினாலும் விதி மாறக் கூடாது என்பதற்காக 1990-இல் வாக்காளர்கள் 'மெஷர் ஜே' தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். வேளாண் நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற மக்கள் வாக்கெடுப்பே வேண்டும் என்றானது. 2008-இன் 'மெஷர் பி' அதை 2058 வரை நீட்டித்தது.

3. அதனால் திராட்சைத் தோட்டங்களின் நடுவே புதிய ஹோட்டல் எழுப்ப ஏறக்குறைய வழியே இல்லை. புதிய அறைகள் வர வேண்டுமானால் கலிஸ்டோகா போன்ற நகராட்சி எல்லைக்குள்தான் வர வேண்டும். அந்த எல்லைக்குள் நிலம் குறைவு.

4. அறை எண்ணிக்கையைப் பெருக்க முடியாத முதலீட்டாளர், ஒவ்வோர் அறையின் வாடகையை உயர்த்தியே போட்ட பணத்தை எடுக்க முடியும். சொலாஜும் ஃபோர் சீசன்ஸும் தலா சுமார் நூறு அறைகளோ அதற்கும் குறைவாகவோ கொண்டவை.

5. நகராட்சியின் நலனும் இதே திசையில் இருக்கிறது. விடுதி அறை வாடகைமீது வசூலாகும் தங்கும் வரி, நகரின் பொது நிதிக்கு மிகப் பெரிய வருவாய். வாடகை உயர்ந்தால், கூடுதல் வாகனமோ கூட்டமோ இல்லாமல் வரி உயர்கிறது.

விருந்தினர் சன்னலைத் திறந்து பார்க்கும் பச்சை வரிசைகள் இருப்பதற்கும், அந்தச் சன்னலின் வாடகை ஏறியதற்கும் காரணம் ஒரே சட்டம்தான். அச்சட்டம் இல்லாதிருந்தால் அறைகள் மலிந்திருக்கும்; பார்ப்பதற்குத் திராட்சைத் தோட்டம் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகமே. இதன் சுமை வேலையாட்கள்மீது விழுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்: அறை துடைப்பவரும் கொடி கத்தரிப்பவரும் அதே ஊரில் குடியிருக்கும் அளவுக்கு வீட்டு வாடகை இல்லை.

முன்பதிவு செய்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. அறை வாடகைக்கு மேல் 'ரிசார்ட் கட்டணம்' என்று தனியாகச் சேர்த்துக் கடைசித் திரையில் காட்டும் பழக்கத்துக்குக் கலிஃபோர்னியா 2024 ஜூலை 1 முதலும், அமெரிக்க மத்திய அரசின் வணிக ஆணையம் 2025 மே 12 முதலும் தடை போட்டுள்ளன. கட்டாயக் கட்டணம் எதுவாயினும் முதலில் காட்டும் விலையிலேயே சேர்ந்திருக்க வேண்டும். அரசு வரிகளைப் பின்னர் சேர்க்கலாம். கலிஸ்டோகாவில் தங்கும் வரியும் அதைச் சார்ந்தவையும் 12 சதவீதத்தைத் தாண்டும் என்பதால், ஆயிரம் டாலர் அறைக்கு நூற்றிருபது டாலருக்கும் மேல் வரி மட்டுமே ஆகும்.

தீயும் இருளும்

2017 அக்டோபர் 8 இரவு கலிஸ்டோகாவின் டப்ஸ் லேன் அருகே தொடங்கிய காட்டுத்தீ, காற்றின் வேகத்தில் மலையைத் தாண்டி சான்டா ரோசா நகருக்குள் புகுந்து 22 உயிர்களைக் குடித்தது. 2020 செப்டம்பர் 27-இல் தொடங்கிய, 'கிளாஸ்' என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ, 67,000 ஏக்கருக்கும் மேல் எரித்தது. ஊருக்கு வெளியே மலை மடிப்பில் இருந்த 'கலிஸ்டோகா ரான்ச்' என்ற சொகுசு ரிசார்ட்டின் பெரும்பகுதி அதில் எரிந்துபோனது. இரண்டு முறையும் ஊர் முழுவதையும் காலிசெய்ய வேண்டியிருந்தது.

தீ அணுகாத தோட்டமும் தப்பவில்லை. மரம் எரியும்போது எழும் குவையகால் போன்ற பீனால் சேர்மங்கள் பழத் தோலின் வழியே நுழைந்து சர்க்கரையுடன் பிணைந்துகொள்ளும்; அந்நிலையில் பழத்தைக் கடித்தால் ஒன்றும் தெரியாது. நொதிக்கும்போதும் பீப்பாயில் முதிரும்போதும் பிணைப்பு அவிழ, ஒயினில் சாம்பல் கிண்ணத்தை நக்கிய சுவை ஏறும். 2020-இல் கேபர்னே அறுவடை முடியாத நேரத்தில் புகை சூழ்ந்ததால், நாபாவின் பல ஒயினகங்கள் அந்த ஆண்டுக்கான செவ்வொயினையே வெளியிடவில்லை.

மின்கம்பிகளே தீக்குக் காரணமாகக்கூடும் என்பதால், வறண்ட காற்று வீசும் நாட்களில் மின்நிறுவனம் முன்கூட்டியே இணைப்பைத் துண்டிக்கிறது. ரிசார்ட்டுகளின் நீரேற்றியும் குளிரூட்டியும் கதவுப் பூட்டும் அப்போது நின்றுபோகும். சில ஆண்டுகள் டீசல் ஜெனரேட்டர்களைக் கொண்டுவந்து நிறுத்திச் சமாளித்தார்கள். 2025-இல் ஹைட்ரஜன் எரிபொருள் கலங்களும் மின்கலங்களும் இணைந்த ஒரு நிலையம் செயல்பாட்டுக்கு வந்தது, துண்டிப்பின்போது ஊருக்கு இரண்டு நாள் வரை மின்சாரம் கொடுப்பதற்காக. மலைக்கு அப்பால் த கெய்சர்ஸ் புலத்தில் பூமியின் நீராவி இரவும் பகலும் சுழலிகளைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த மின்சாரம் வரவேண்டிய கம்பிகளோ காய்ந்த காட்டின் ஊடேதான் போகின்றன.